வாங்கக் காசு உண்டு, பராமரிக்கக் காசு இல்லை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில் கீழம்பி, திருப்புட்குழி, பாலுசெட்டிசத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கடந்தால் தாமல் வரும். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று, பழைமையான வராகீஸ்வரர் கோயில், ஊரை ஒட்டி இரவும் பகலும் ஓயாமல் ஓடும் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. காஞ்சிப் பட்டுக்குப் பேர்போன வட்டாரம் இது. நெசவாளர் வீடு என்றால் அதுதான் பட்டறையும். பாவும் ஊடையும் ஜரிகையும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கும். ஒரு தறியில் ஏறியிருக்கும் சரக்கு பல ஆயிரம் ரூபாய் பெறும். அது பெரும்பாலும் நெசவாளரின் சொந்தச் சரக்காகவும் இருக்காது. சங்கமோ முதலாளியோ கொடுத்தது. களவு போனால் கடன்தான் மிஞ்சும்.

இப்படிப்பட்ட ஊர்களின் பாதுகாப்புக்கு அரசு பணம் தருகிறதா என்று கேட்டால், தருகிறது என்பதுதான் பதில். ஒரே கணக்கில், ஒரே பெயரில் தருவதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி, சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி, ஊர்ப் பங்கோடு சேர்ந்து வரும் ‘நமக்கு நாமே’ திட்டம், நிதிக்குழு மானியம், 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதி என்று பல வாய்க்கால்கள். கேமரா, உயர்கோபுர மின்விளக்கு, வேகத்தடை, சுற்றுச்சுவர் எல்லாம் இவற்றில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் ஊருக்குள் வருகின்றன. வணிகர் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் கைக்காசு போட்டு வாங்கித் தருவதும் உண்டு.

பெரிய பணம் நகரத்துக்குத்தான். பெண்கள் பாதுகாப்புக்கென்று 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு தொடங்கப்பட்ட நிர்பயா நிதியிலிருந்து, ‘பாதுகாப்பான நகரம்’ திட்டத்துக்காக 2018-ல் எட்டு பெருநகரங்களுக்குச் சுமார் 2,900 கோடி ஒப்புதலானது. சென்னையின் பங்கு மட்டும் 425 கோடி. கிராமத்துப் பெண்ணுக்கு அந்த நிதியிலிருந்து எட்டியது, காவல் நிலையத்தில் மகளிர் உதவி மையம் அமைக்க நிலையத்துக்கு ஒரு லட்சம் என்கிற கணக்கும், 181 என்ற உதவி எண்ணும், மாவட்டத் தலைநகரில் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையமும்தான். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள், பொழுது விடியும் முன்னே நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து நின்று கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்பது இந்தக் கோடிக்கணக்குகளில் எங்கும் வராது.

நகரத்துக்கு அதிகம், கிராமத்துக்குக் குறைவு என்ற வழக்கு பழையது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. எந்த வாய்க்காலில் பணம் வந்தாலும் அது பொருளாகத்தான் வருகிறது. அந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளாக வருவதே இல்லை.

விதிகளைப் புரட்டினால் இது தெரியும். தொகுதி மேம்பாட்டு நிதியின் அடிப்படையே ‘நீடித்த சமூகச் சொத்து’ உருவாக்குவது. அந்தச் சொத்தை இயக்கவும் பராமரிக்கவும், அதைப் பயன்படுத்தும் அமைப்பு முன்கூட்டியே உறுதி தர வேண்டும். உறுதிக் கடிதம் ஒரு தாள். அதற்கு எந்தக் கணக்கிலிருந்து காசு வரும் என்று யாரும் கேட்பதில்லை. 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் ஊராட்சிகளுக்கு வந்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்குச் செலவழிக்க இடம் இருந்தது, ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது என்பது விதி. காரணம் நியாயமானதுதான், மானியம் முழுக்கச் சம்பளத்திலேயே கரைந்துவிடக் கூடாது. ஆனால் விளைவு என்ன? கம்பத்தில் பத்து கேமரா மாட்ட வழி உண்டு, இரவில் ஊரைச் சுற்றிவர ஒருவருக்கு மாதக் கூலி தர வழி கிடையாது.

கேமரா எப்படிச் சாகிறது

திறப்பு விழா நாளன்று எல்லாக் கேமராவும் வேலை செய்யும். பிறகு நடப்பதைக் கேமரா பொருத்தும் மெக்கானிக் எவரைக் கேட்டாலும் சொல்வார். முதலில் போவது அடாப்டர். கிராமத்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தில் அது கருகும். அடுத்து யு.பி.எஸ். பேட்டரி, இரண்டு மூன்று கோடை தாங்கினால் அதிகம். மழைக்காலத்து இடி ஒன்று விழுந்தால் பதிவுப் பெட்டியே போய்விடும். குடிநீர்க் குழாய்க்கோ இன்டர்நெட் கேபிளுக்கோ சாலையைத் தோண்டுகிறவர்கள் கேமரா ஒயரை அறுத்துவிட்டுப் போவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கேமரா கம்பத்தில் இருக்கும், உள்ளே உயிர் இருக்காது.

உயிரோடு இருக்கும் கேமராவும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதில்லை. இரவில் படம் எடுக்க அது அகச்சிவப்பு ஒளி வீசும். கேமராவைச் சுற்றிப் பூச்சிகள் வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். சிலந்தி கண்ணாடிக்கு முன் ஒரே ஒரு வலை பின்னினால் போதும், இரவு முழுக்கத் திரையில் வெள்ளைப் புகைதான் தெரியும். பழைய துணி சுற்றிய ஒரு மூங்கில் கழி இருந்தால் ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடலாம். ஆனால் துடைப்பது யார் வேலை? பதிவுப் பெட்டி பெரும்பாலும் ஒரு கடையிலோ ஊராட்சி அலுவலகத்திலோ பூட்டிய அறையிலோ இருக்கும். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். கொள்ளளவைப் பொறுத்துப் பதினைந்து நாளோ ஒரு மாதமோதான் காட்சி நிற்கும். தேதி, நேரம் தப்பாக ஓடும் பெட்டியென்றால், அந்தக் காட்சியை நீதிமன்றத்தில் சாட்சியமாக நிறுத்துவதும் கடினம்.

இதனால் கேமராவே வீண் என்றால் காவல் துறையினர் மறுப்பார்கள். சங்கிலிப் பறிப்பு, வாகனத் திருட்டு, மோதிவிட்டு நிற்காமல் போன லாரி என்று எத்தனையோ வழக்குகளில் முதல் துப்பு கேமராவில்தான் கிடைத்தது என்பார்கள். அது உண்மை. துப்பு கிடைக்க வேண்டுமானால் அன்றைக்குக் கேமரா ஓடியிருக்க வேண்டும் என்பதும் உண்மை.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் 1999 முதல் 2003 வரை கேமராவுக்கென்றே சுமார் 17 கோடி பவுண்டு மானியம் கொடுக்கப்பட்டது. 2005-ல் வெளியான மதிப்பீடு பதின்மூன்று திட்டங்களை ஆராய்ந்தது. புள்ளியியல் ஏற்கும் அளவுக்குக் குற்றம் குறைந்தது இரண்டே இடங்களில். மானியம் தீர்ந்த பிறகு, ஓட்டும் செலவு தாளாமல் பல உள்ளாட்சிகள் கேமராக்களை அணைத்தன. லண்டனின் மையப் பகுதியே 2016-ல் தன் தெருக் கேமராக்களை அணைத்தது. பணக்கார நகரத்துக்கே அந்தக் கதி என்றால், வீட்டு வரியை நம்பி ஓடும் ஊராட்சிக்கு என்ன கதி ஏற்படும்?

நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஒரு பெரிய மதிப்பீடு, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருப்பதாகச் சொல்கிறது. அதிகப் பலன் வாகன நிறுத்தங்களில். அதுவும் திரைக்கு முன் ஆள் உட்கார்ந்து பார்த்த இடங்களில். அதாவது கேமராவோடு ஒரு மனிதரும் சேர்ந்தால்தான் பலன். விளக்கு இதைவிட நல்ல செய்தி சொல்கிறது. 2016-ல் நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து இரவில் பிரகாசமான கோபுர விளக்குகள் வைத்துப் பார்த்தார்கள். அங்கே திறந்தவெளிகளில் நடக்கும் கடுங்குற்றங்கள் இரவில் சுமார் 36 சதவீதம் குறைந்தன. தாமல் மாதிரி நெடுஞ்சாலை ஊருக்கு இதில் இரட்டை ஆதாயம். வெளிச்சம் திருடனையும் தடுக்கும், சாலையைக் கடக்கிறவரை லாரி ஓட்டுநர் கண்ணிலும் காட்டும். ஆனால் விளக்குக்கும் அதே வியாதிதான். கம்பம் மானியத்தில் வரும்; மின்கட்டணமும் பழுதும் ஊராட்சித் தலையில் விழும்.

இரண்டு வருடம் யாருக்கும் தெரியாத களவு

ஆளில்லாத காவல் என்ன செய்யும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் ஒரு பாடம். அங்குள்ள சோழர் காலச் சிவன் கோயிலில் 2006-ல் நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் களவு போயின. கோயில் பூட்டியே கிடந்தது. தினப்படி பூசை இல்லை, உள்ளே போக ஆளில்லை. அதனால் 2008-ல் அதிகாரிகள் கதவைத் திறக்கும் வரை, சாமி இல்லை என்பது ஊருக்கே தெரியாது. அதற்குள் நடராசர் கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் ஓர் அருங்காட்சியகத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு விலைபோயிருந்தார். 2014-ல் திரும்பி வந்தார். அவர் நம்மவர் என்று நிறுவ உதவியவற்றில் முக்கியமானது, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்துச் சேமித்து வைத்திருந்த புகைப்படம். ஒரு புகைப்படத்துக்கு ஆன செலவு எவ்வளவு இருக்கும்! ஊர்தோறும் கோயில் திருமேனிகளைப் படம் எடுத்து, அளவெடுத்து, பிரதியை ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் வைக்க மானியம் கேட்டால், அதற்குப் பெரிய செலவு ஆகாது.

காவலுக்கும் பராமரிப்புக்கும் ஆள் வைப்பது, தாமல் இருக்கும் தொண்டை மண்டலத்துக்குப் புதிதல்ல. இங்கே ஏரிகளுக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மதகு திறப்பது, மூடுவது, கரையில் அரிப்பு கண்டால் ஊரைக் கூட்டுவது அவர் வேலை. கூலி, ஒவ்வொரு அறுப்பிலும் களத்தில் அளந்து கொடுக்கும் நெல். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் காவலுக்கென்றே ‘பாடிகாவல்’ என்ற வரி வருகிறது. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைக்காகத்தான் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்தன. அவற்றில் ஏரி வாரியம், பொன் வாரியம் என்று ஒவ்வொன்றுக்கும் குழு உண்டு. குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் எழுதிய ஓலை பிறகு குடத்துக்குள் போகாது. பராமரிப்பும் கணக்கும் ஆண்டுதோறும் நடக்க வேண்டியவை என்பது அந்த ஊர்ச் சபைக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெளிவாக இருந்தது.

அந்தக் காவல் முறையில் கொடுமையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. காவல் கூலி தராதவர் மாடு காணாமல் போவதும், துப்புக் கூலி கொடுத்து மீட்பதும் தெற்கே நடந்தவை. அதைச் சாக்காக வைத்து வெள்ளையர் அரசு பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட சமூகங்களையே குற்றப் பரம்பரையென்று முத்திரை குத்தியது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ல் சுட்டுக்கொன்றது. அதே காலகட்டத்தில்தான் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளி, விடுதி, கூட்டுறவுச் சங்கம் என்று அரசு பணம் போட்டது. பெயர் என்னவோ சீரமைப்பு. குற்றத் தடுப்புக்கென்று ஒதுக்கிய பணம்தான் அது. 1947-ல் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. காரணம், ஆசிரியர் சம்பளம் வருடா வருடம் பட்ஜெட்டில் ஏறியது. ஒரு தடவை கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டு அரசு விலகியிருந்தால் நூறு வருடம் தாண்டி நின்றிருக்குமா?

இன்றைய மானியத்தில் இப்படி ஆண்டுதோறும் பணம் வரச் செய்ய வழியே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. கேமராவையோ விளக்கையோ வாங்கும்போதே ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து விலைப்புள்ளி கேட்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதி வரும்போது, பத்துக் கேமராவுக்குப் பதிலாக நான்கு கேமராவும், மீதித் தொகைக்கு இரவுக் காவலர் ஒருவரின் மாதக் கூலியும் என்று ஊர் கேட்கலாம். கொடுக்கிறவர்கள் கம்பத்தில் பெயர்ப்பலகை வைக்கத்தான் ஆசைப்படுவார்கள். கேட்கிறவர்கள் அழுத்திக் கேட்டால் கூலியும் வரும்.

கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தாமல்வாசிகளும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, ஊரிலுள்ள கேமராக்களில் இன்றைக்கு எத்தனை ஓடுகின்றன, எரியாத விளக்கு எத்தனை, இவற்றின் பராமரிப்புக்கு இந்த வருடம் எந்தக் கணக்கில் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். புதிய கேமராவுக்குத் தீர்மானம் வந்தால், பராமரிப்புத் தொகை எவ்வளவு என்ற வரியும் அதில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.