உண்டியும் உறக்கமும்: எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின்

உணவையும் உறக்கத்தையும் உடலைத் தாங்கும் தூண்களாக ஆயுர்வேத நூல்கள் எண்ணுகின்றன. உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் முதல் தூணைக் கவனமாகப் பேணுகின்றனர். எதை உண்ணலாம், எத்தனை கரண்டி உண்ணலாம் என்று கணக்கிடுகின்றனர். இரண்டாவது தூணோ கவனிப்பாரற்றுப் போகிறது. சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் உறக்கம் குலைவது பலருக்கும் நேர்வதே. காரணங்களை அறிந்தால் எதனைப் பொறுத்திருக்கலாம், எதற்கு மருத்துவரை நாட வேண்டும் என்பது விளங்கும்.

இச்சிகிச்சை நேற்றுத் தோன்றியதன்று. 1966ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிகாஷி இட்டோ ஆகிய மருத்துவர்கள், இரைப்பையின் பெரும்பகுதியை உணவுப் பாதையினின்று விலக்கும் மாற்றுவழி முறையைக் கையாண்டனர். இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் அமைக்கும் முறையும் இன்று பரவலாக வழங்குகிறது. நம் நாட்டில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 24 பேர் மிகை எடையுடையோர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பேர்.

முதல் இரவுகளின் நிலையைக் காண்போம். சிறு துளைகளின் வழியே அறுவை செய்யும்போது வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்தப்படுகிறது. எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்த, அந்நோவு நரம்பின் வழியே தோள்பட்டையில் உணரப்படுகிறது. சில நாட்களில் இது தணியும். சற்று நடமாடுவதும், தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து படுப்பதும் இதமளிக்கும்.

கனவு காணும் துயில் நிலையை 1953ஆம் ஆண்டில் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் ஆகிய அறிஞர்கள் கண்டறிந்தனர். பெரிய அறுவைக்குப் பின் முதல் ஓரிரு இரவுகளில் இந்நிலை பெரிதும் குன்றுகிறது. அறுவையின் அதிர்ச்சியும் வலி நீக்கும் மருந்துகளும் இதற்குக் காரணமாகின்றன. பின்னர் வரும் சில இரவுகளில் அது ஈடுசெய்வதுபோல் மிகுந்து, தெளிவான கனவுகளையும் அடிக்கடி விழிப்பையும் உண்டாக்கலாம். இதைக் கண்டு மனம் பேதலிக்க வேண்டுவதில்லை.

ஆயினும் ஒரு சாரார் மிக விழிப்புடன் இருத்தல் வேண்டும். பருத்த உடலினர் பலருக்கு உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு இடையிடையே தடைப்படும் நோய் உண்டு. 1981ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன், மூக்கின் மேல் பொருத்திய முகமூடி வழியே அழுத்தமுள்ள காற்றைச் செலுத்தி இத்தடையை நீக்கும் முறையை வெளியிட்டார். இக்கருவியைப் பயன்படுத்துவோர், எடை குறையத் தொடங்கிவிட்டது என்றெண்ணித் தாமாகவே அதை நிறுத்துதல் ஆபத்தானது. எடை குறையக் குறையக் காற்றின் அழுத்தத்தை மாற்றியமைக்கவும், மறுபரிசோதனைக்குப் பின்னரே கருவியைக் கைவிடவும் வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் இவர்களுடைய மூச்சை மேலும் தளர்த்தும். அறுவைக்குப் பின் மது இரத்தத்தில் விரைந்து கலப்பதும் கருதத்தக்கது.

வீடு திரும்பியபின் சூழ்நிலையும் இடையூறாகலாம். ஹைதராபாத் மாநகரின் போவன்பள்ளியை எடுத்துக்கொள்வோம். நாகபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வழியே செல்கிறது. இங்குள்ள பெரிய காய்கறிச் சந்தைக்கு விடியுமுன்னரே லாரிகள் வந்து சேர்கின்றன. இத்தகைய இடங்களில் வாழ்வோர் தெருவை நோக்காத அறையில் படுப்பதும், தடித்த திரையிடுவதும் நலம். நாளொன்றுக்குத் தேவையான நீரைப் பகலிலேயே சிறுசிறு மிடறாகப் பருகிவிட்டால் இரவில் எழ நேராது. கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் இருப்பின், புளித்த நீர் எதிர்த்து வருவது குறையும். பகலில் அரைமணிக்கு மேல் உறங்காதிருத்தலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதலும் இரவுத் துயிலைச் சீர்ப்படுத்தும்.

மாதங்கள் சென்ற பின்னும் உறக்கம் திரும்பாவிடில் உணவுச் சத்துகளை ஆராய வேண்டும். அந்தி வேளையில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் ஒருவகை உளைச்சல், இரும்புச் சத்துக் குறைவால் உண்டாகலாம். இரும்பு பெரிதும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். மாற்றுவழி முறையில் உணவு அப்பகுதியைத் தொடாமற் செல்கிறது. ஆகவே இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. இரும்பு மாத்திரையைச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையுடனோ தேநீருடனோ சேர்த்து உட்கொள்ளலாகாது.

இடைவிடாது வாந்தி நேரின் தயமின் என்னும் வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும். இதன் குறைவே பெரிபெரி நோய்க்குக் காரணம். அந்நோயை ஆராய 1918ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அரிசியைத் தீட்டி உண்டோரிடம் அன்று காணப்பட்ட குறை, இன்று அறுவைக்குப் பின் உணவு தங்காதோரிடமும் தோன்றக்கூடும். நடை தள்ளாடினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, சிந்தை குழம்பினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாறே காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், வளர்ந்து வரும் வயிற்று நோவு, ஒரு காலில் வீக்கம் ஆகியவற்றுள் எதுவும் உறக்கத்தைக் கெடுக்குமாயின், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. இவை தையலில் கசிவையோ இரத்தக் கட்டையோ குறிக்கலாம். இவ்வறிகுறிகள் இல்லாதவிடத்துப் பொறுமையும் ஒழுங்கும் போதும். உறக்கம் வரவில்லையே என்று பிறர் தரும் மாத்திரையை மட்டும் விழுங்கலாகாது. மருத்துவரைக் கேட்பதே உயிர் காக்கும் வழியாகும்.