மிஞ்சிய ரொட்டி சொன்ன பாடம்

(இளங்கலை வேதியியல், மூன்றாம் ஆண்டு)

மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைப்பது நம் வீட்டு வழக்கம். ரஷ்ய நாட்டுக் குடியானவர்களோ மிஞ்சிய ரொட்டிக்கு ஒரு வழி கண்டனர். காய்ந்த ரை ரொட்டியை வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, சர்க்கரையும் ஈஸ்டும் உலர்ந்த திராட்சையும் இட்டு ஓரிரு நாள் வைப்பார்கள். நுரைத்தெழும் அந்தப் புளிப்புப் பானத்தின் பெயர் குவாஸ். பீருக்கு ஏழைத் தம்பி எனலாம். சாராயச் சத்து அதில் மிகக் குறைவு.

நூலகத்தில் இதைப் படித்த நான், சென்ற கோடை விடுமுறையில் செய்து பார்க்கத் துணிந்தேன். தேநீர்க் கடையில் விற்காமல் நின்ற மைதா ரொட்டியே மூலப்பொருள். ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் வடிநீரை நிரப்பி, 50 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து இறுக மூடி, அடுக்களை மூலையில் வைத்தேன். மறுநாள் நள்ளிரவில் புட்டி வெடித்தது. நல்லவேளை, அருகில் எவரும் இல்லை.

விளக்கேற்றி வந்த அம்மா வாடையை முகர்ந்ததும் அப்படியே நின்றுவிட்டார். “ஏண்டா, வீட்டுக்குள்ளேயே ஊறல் போட்டியா? உங்க மாமாவுக்குக் கண் போனது போதாதா? ஊறவைச்சதெல்லாம் விஷம்தானா, சொல்லு” என்றார். கள்ளச்சாராயம் குடித்துப் பார்வையிழந்தவர் என் தாய்மாமன். வேதியியல் படிக்கும் என்னால் அன்று விடை கூற இயலவில்லை. பின்னர்ப் பேராசிரியரிடம் கேட்டறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், நொதித்தல் என்பது யாது? ஈஸ்ட் ஓர் உயிர் என்றும், நொதித்தல் அதன் செயல் என்றும் பாஸ்டர் நிறுவினார். உயிரணுவைச் சிதைத்துப் பிழிந்த சாறே நொதிக்கச் செய்யும் என்று 1897-இல் புக்னர் காட்டி, 1907-இல் நோபல் பரிசு பெற்றார். 180 கிராம் குளுக்கோஸ் முழுதும் நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் உண்டாகும்.

ஈஸ்டால் மாவுப்பொருளை நேரே உண்ண முடியாது, சர்க்கரையே வேண்டும். பீர் செய்வோர் வாற்கோதுமையை முளைகட்டுவது இதற்கே. முளையில் தோன்றும் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்குகின்றன. சுட்ட ரொட்டியில் ஈஸ்டும் மடிந்திருக்கும், நொதிகளும் செயலிழந்திருக்கும். ஆகவே இரண்டையும் வெளியிலிருந்து தர நேர்கிறது.

புட்டி வெடித்ததேன்? 10 கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தாலே ஏறத்தாழ 3 லிட்டர் வாயு பிறக்கும். 50 கிராமுக்கு வழியின்றி அடைத்தால் கண்ணாடி தாங்குமா? “இட்லி மாவுப் பானையையே நான் தலைதட்ட நிரப்ப மாட்டேனே” என்றார் அம்மா. கணக்கறியாமலே கண்ட உண்மை!

இனி அம்மாவின் கேள்வி. தானியமும் சர்க்கரையும் நொதிப்பதில் பிறப்பது எத்தனால். கண்ணைப் பறிப்பது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. ஈரலின் நொதிகள் இதை ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அந்த அமிலமே பார்வை நரம்பை அழிக்கிறது. பார்வைக்கும் மணத்துக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நாவால் பிரித்தறிய இயலாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் மெத்தனால் கலந்த சாராயமே.

இதனால் எத்தனால் நல்லதென்று கொள்ளற்க. அதுவும் ஈரலைக் கெடுப்பதே. குடும்பங்களைக் கெடுப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உரிமமின்றி மது வடிப்பதும் நம் மாநிலத்தில் குற்றம். என் சோதனையை அன்றே கைவிட்டேன்.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், “அப்போ, அது தானா ஊறி வந்த விஷம் இல்லை; எவனோ காசுக்காகக் கலந்தது” என்றார்.

“ஆமாம் அம்மா” என்றேன்.