ஆணைக்கும் பயனுக்கும் இடையே

நுழையும்முன்

சட்டமன்றத்தில் உருப்பெறும் ஒரு திட்டம், குடிமக்களின் வாயிலை அடைவதற்குள் எத்தனையோ கைகளைக் கடக்கிறது. அவ்வழியில் அது எங்கே விரைகிறது, எங்கே தேங்குகிறது என்று ஆராயும் துறையே பொது நிர்வாகவியல். பல்கலைக்கழகங்களில் முதுகலைப் படிப்பாக வளர்ந்திருக்கும் இத்துறை எவ்வாறு தோன்றியது, எதைக் கற்பிக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கணவரை இழந்த பெண்ணொருவர் அரசின் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கிறார். அவருக்கு உதவவேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆணை இருக்கிறது, நிதியும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை தரவேண்டும். வருவாய் ஆய்வாளர் அதனைச் சரிபார்க்கவேண்டும். வட்டாட்சியர் ஒப்புதல் அளிக்கவேண்டும். வங்கிக் கணக்கில் பெயரும் எண்ணும் பிழையின்றிப் பொருந்தவேண்டும். இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் அந்த விண்ணப்பம் தங்கிவிட்டால், அப்பெண்ணைப் பொறுத்தவரை அந்த ஆணை பிறக்கவே இல்லை.

எவரும் தீங்கு நினையாதபோதும் ஒரு நல்ல ஆணை பயன் தராமற் போவது எவ்வாறு? பொது நிர்வாகவியல் என்னும் படிப்பின் நடுவே நிற்கும் வினா இது.

அனுபவமே ஆசிரியராக இருந்த காலம்

ஆட்சிப் பணிக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தமிழர் நெடுங்காலமாகச் சிந்தித்துள்ளனர். திருக்குறளின் பொருட்பால், தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரத்தையும் தெரிந்து வினையாடல் என அடுத்தோர் அதிகாரத்தையும் இதற்கென்றே ஒதுக்குகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களின் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை விரிவாகக் கூறுகின்றன. 35 வயதுக்குக் குறைந்தவரும் 70 வயதைக் கடந்தவரும் உறுப்பினராக இயலாது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். இவற்றினும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர்ப் பணியாற்றியவர்களே ஆண்டு வாரியத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். ஏரியைக் காத்துப் பழகிய பின்னரே ஊரைக் காக்கும் பொறுப்பு வந்தது. பணியே பள்ளியாக இருந்தது.

ஆட்சியாளருக்கென்று தனிக் கல்லூரி அமைக்கும் எண்ணம் பிற்காலத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளம் அலுவலர்களுக்காக 1806ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. சென்னையில் 1812ஆம் ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. அதனை உருவாக்குவதில் முதன்மைப் பங்காற்றியவர் எல்லிஸ். வழக்காட வருபவரின் மொழி அறியாத அலுவலர், இடைநிற்பவரின் வாயையே நம்பியிருக்க வேண்டியவராவார். ஆதலால் தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட இந்நாட்டு மொழிகள் அங்குக் கற்பிக்கப்பட்டன. தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்னும் கருத்தை எல்லிஸ் 1816ஆம் ஆண்டு வெளியிட்டதற்கும் இக்கல்லூரிச் சூழலே களம் அமைத்தது. மொழியியல் வரலாற்றின் பெருங்கண்டுபிடிப்பு ஒன்று அலுவலர் பயிற்சிக்கூடத்தில் முளைத்தது வியப்புக்குரியதே.

பின்னர் நிலைமை மாறியது. கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையால் பதவி பெறும் முறை கைவிடப்பட்டு, 1855ஆம் ஆண்டு இலண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தேர்வு இலக்கியம், வரலாறு, கணிதம் போன்ற பொதுக் கல்வியையே பெரிதும் அளந்தது. கூர்மதி உடைய இளைஞர் எவரும் நிர்வாகத்தைப் பணியில் இருந்தே கற்றுக்கொள்வார் என்பது அக்காலத்தோர் நம்பிக்கை. அந்நம்பிக்கை இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

ஒரு துறை பிறக்கிறது

நிர்வாகத்தையே தனித்து ஆராயவேண்டும் என்னும் குரல் அமெரிக்காவில் வலுப்பெற்றது. தேர்தலில் வென்ற கட்சி தன் ஆதரவாளர்களுக்கு அரசுப் பதவிகளைப் பங்கிட்டுத் தரும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியிருந்தது. பதவி கிடைக்காத ஏமாற்றத்தில் ஒருவர் 1881ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டையே சுட்டார்; அக்காயத்தால் அவர் உயிரிழந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின், தகுதியின் அடிப்படையில் பணியமர்த்தும் சட்டம் இயற்றப்பட்டது. 1887இல், பின்னாளில் அந்நாட்டின் தலைவரான உட்ரோ வில்சன், நிர்வாகத்தைத் தனியொரு படிப்பாக வளர்க்கவேண்டும் என வலியுறுத்திக் கட்டுரை எழுதினார். அரசியலமைப்பைப் பற்றி அறிஞர்கள் எழுதிக் குவித்திருக்க, அதனை நாள்தோறும் இயக்கும் பணியைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு என்பது அவரது குறை.

நியூயார்க் நகரில் 1911ஆம் ஆண்டு பொதுப்பணிக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நகராட்சியின் வரவு செலவுகளையும் சேவைகளையும் ஆராய்வதற்கென நிறுவப்பெற்ற அமைப்பு ஒன்றே அதனை நடத்தியது. அப்பள்ளி 1924இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் கல்விக்கூடத்திற்கு இடம் மாறியபோது, பொது நிர்வாகம் முதுகலைப் படிப்பாக நிலைபெறத் தொடங்கியது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1936இல் இப்படிப்புக்கெனத் தனிப் பள்ளி நிறுவியது.

விளையாட்டுத் திடலில் கிடைத்த பாடம்

இத்துறை வெறும் விதிமுறைகளின் தொகுப்பாக நின்றுவிடாமல் அறிவியலாக வளர்ந்ததற்குச் சிறியதொரு நிகழ்வை எடுத்துக்காட்டலாம். சிகாகோ பல்கலைக்கழக மாணவராக இருந்த ஹெர்பர்ட் சைமன், 1935ஆம் ஆண்டு மில்வாக்கி நகரின் விளையாட்டுத் திடல்களைப் பற்றி ஆய்வு செய்தார். திடல்களைப் பொதுப்பணித் துறையும் பள்ளி வாரியமும் இணைந்து நடத்தின. கிடைக்கும் பணத்தில் எவ்வளவைத் திடல்களின் பராமரிப்புக்குச் செலவிடுவது, எவ்வளவைச் சிறுவர்களை விளையாட்டில் வழிநடத்துவோருக்குச் செலவிடுவது என்பதில் இரு தரப்பினருக்கும் ஓயாத கருத்து வேறுபாடு.

பொருளியல் நூல்களின்படி இதற்கு விடை எளிது. ஒவ்வொரு கூடுதல் டாலரும் எங்கே அதிகப் பயன் தருமோ அங்கே அதைச் செலவிடவேண்டும். ஆனால் எவரும் அவ்வாறு கணக்கிடவில்லை. கணக்கிடுவதற்கு வேண்டிய செய்திகளும் எவரிடமும் இல்லை. பொதுப்பணித் துறையினருக்குத் திடலின் தரையும் வேலியும் தெரிந்தன. பள்ளி வாரியத்தினருக்குச் சிறுவர்கள் தெரிந்தனர். அவரவர் அமர்ந்திருந்த இடமே அவரவர் பார்வையை வகுத்தது. மனிதர் எல்லாவற்றையும் ஆராய்ந்து மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை; தமக்கு எட்டிய அறிவின் வரம்புக்குள் போதுமானதைத் தேர்கின்றனர் என்னும் சைமனின் கோட்பாட்டுக்கு இவ்வாய்வே வித்திட்டது. அக்கோட்பாட்டை விரித்து அவர் எழுதிய நிர்வாக நடத்தை பற்றிய நூல் 1947இல் வெளிவந்தது. 1978இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எழுபது ஒப்புதல்கள்

இத்துறை மாணவர்கள் பலரும் படிக்கும் மற்றொரு நிகழ்வு கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரைச் சேர்ந்தது. அந்நகரில் வேலையின்மை, குறிப்பாகக் கறுப்பின மக்களிடையே, மிகுந்திருந்தது. 1966ஆம் ஆண்டு அமெரிக்க நடுவண் அரசின் முகமை ஒன்று, 2 கோடியே 30 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை அந்நகரின் பொதுப்பணிகளுக்கு அறிவித்தது. விமானப் பராமரிப்புக் கூடமும் கப்பல் முனையமும் அமையும். ஏறத்தாழ 3,000 வேலைகள் உருவாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பணம் இருந்தது, எதிர்ப்போ பெரிதாக இல்லை. ஆனால் சில ஆண்டுகள் கடந்த பின்னர்ப் பார்த்தபோது, பணிகளில் சிறு பகுதியே நடந்திருந்தது. உருவான வேலைகளும் மிகச் சிலவே.

ஜெஃப்ரி பிரெஸ்மன், ஆரன் வில்டாவ்ஸ்கி என்னும் இரு ஆய்வாளர்கள் இதன் காரணத்தைத் தேடி, 1973இல் நூலாக வெளியிட்டனர். ஊழலையோ சூழ்ச்சியையோ அவர்கள் காரணமாகக் காட்டவில்லை; அவர்கள் செய்தது எண்ணிப் பார்த்ததுதான். திட்டம் நிறைவேற 30 இடங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அம்முடிவுகளுக்கு, பல்வேறு தரப்பினரிடமிருந்து மொத்தம் 70 ஒப்புதல்கள் தேவைப்பட்டன.

இதனை மேல்நிலை வகுப்பு மாணவர் எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வோர் ஒப்புதலும் கிடைப்பதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். அதனை எழுபது முறை பெருக்கினால், எழுபதும் கிடைப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 3க்கும் குறைவு. நூற்றுக்கு 99 என உயர்த்தினாலும் விடை ஏறத்தாழ 49தான். அதாவது, ஏறக்குறைய எல்லாரும் ஆதரிக்கும் ஒரு திட்டம்கூட, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போன்ற நிலையில் நிற்கிறது. நடைமுறையில் ஒப்புதல்கள் ஒன்றையொன்று சாராமல் இருப்பதில்லை. மறுத்தவரிடம் மீண்டும் பேசலாம், இணங்கச் செய்யலாம். ஆதலால் இக்கணக்கை அப்படியே உண்மையெனக் கொள்ள இயலாது. எனினும் திட்டம் தீட்டுவோர் படிகளின் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே கருதவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இந்திய மண்ணில்

இந்தியாவில் இப்படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்னோடி. 1937ஆம் ஆண்டிலேயே அங்குப் பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பு தொடங்கியது. விடுதலைக்குப் பின் நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை ஏற்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கிய காலத்தில், இந்திய அரசின் அழைப்பை ஏற்று வந்து நிர்வாக அமைப்பை ஆராய்ந்தவர் பால் ஆப்பிள்பி. அவர் சிரக்கியூஸின் மேக்ஸ்வெல் கல்விக்கூடத் தலைவராக விளங்கியவர். 1953இல் அவர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1954இல் புதுதில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் தோன்றியது. நேரு அதன் முதல் தலைவரானார். வரிவசூலும் அமைதி காத்தலுமே முதன்மைப் பணியாக இருந்த ஒரு நிர்வாகம், அணை கட்டவும் பள்ளி திறக்கவும் நோய் தடுக்கவும் பழகவேண்டியிருந்தது. பழைய அனுபவம் மட்டும் அதற்குப் போதவில்லை. 1987இல் குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களுள் ஒன்றாகப் பொது நிர்வாகம் சேர்க்கப்பட்டபின் மாணவரிடையே இப்பாடம் பரவலாயிற்று. ஆனால் தேர்வுக்காகப் படிப்பதும் துறையைப் பயில்வதும் ஒன்றல்ல.

கடைக்காரரும் அலுவலரும்

பொது நிர்வாகத்திற்கான முதுகலைப் பட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தையும் வணிக மேலாண்மைப் பட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் எம்.பி.ஏ. என்றே அமையும். எழுத்தில் தோன்றும் இம்மயக்கம் கருத்திலும் சிலருக்கு உண்டு. இரண்டு படிப்பிலும் கணக்கியலும் புள்ளியியலும் பணியாளர் மேலாண்மையும் இடம்பெறுகின்றன. ஆயினும் வணிகர் இலாபம் தராத ஊரில் கடையை மூடிவிடலாம். நியாயவிலைக் கடையை அரசு அவ்வாறு மூட இயலாது. வணிகருக்கு வாடிக்கையாளரின் பணம் அளவுகோல்; அலுவலருக்கோ சட்டம், சமத்துவம், செலவு, மக்கள்முன் விடையளிக்கும் கடமை என அளவுகோல்கள் பல. அவை ஒன்றோடொன்று மோதும் இடங்களில் முடிவெடுப்பதற்கே இப்படிப்பு பயிற்றுவிக்கிறது. அதனால்தான் பொருளியல், அரசமைப்புச் சட்டம், வரவு செலவுத் திட்டம், அறவியல் ஆகியவற்றோடு, உண்மையில் நிகழ்ந்த சிக்கல்களை வகுப்பில் வைத்து விவாதிக்கும் முறையும் இதில் சிறப்பிடம் பெறுகிறது.

மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் எழுதிய நூலொன்று இவ்விவாதங்களில் அடிக்கடி வரும். ஆசிரியர், காவலர், நலத்துறை அலுவலர் போன்று மக்களை நேருக்கு நேர் சந்திப்பவர்கள், குறைந்த நேரத்தையும் நிறைந்த கூட்டத்தையும் வைத்துக்கொண்டு நாள்தோறும் எடுக்கும் முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கையாகிவிடுகின்றன என்கிறது அந்நூல். சாளரத்துக்கு வெளியே நிற்பவருக்கு, உள்ளே அமர்ந்திருப்பவரே அரசு.

இதனால் மாணவர்கள் வகுப்பறையை விட்டு வெளியேயும் செல்லவேண்டியுள்ளது. களப்பணியில் செய்யத்தக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரே ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, அது கொடுக்கப்பட்ட நாள் முதல் பயன் கிடைத்த நாள் வரை பின்தொடர வேண்டும். எந்த மேசைக்கு எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது, அங்கே அதற்குச் சேர்க்கப்பட்டது என்ன என்பவற்றைக் குறிக்கவேண்டும். பெரும்பாலும் தாளில் வேலை நடக்கும் நேரம் சில மணியே. காத்திருக்கும் நேரமோ பல வாரம். எந்த மேசையில் புதிதாக எதுவும் சேரவில்லையோ, அதன் எதிரே மாணவர் ஒரு வினாக்குறி இடுகிறார். அந்தக் கையொப்பம் எந்தப் பிழையைத் தடுப்பதற்காக, எப்போது விதிகளில் சேர்க்கப்பட்டது என்று தேடுவது அவருடைய அடுத்த வேலை.