புழக்கடை முட்டையும் திருவனந்தபுரத்து வெப்பமும்

நாட்டுக் கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடையில் அமர்ந்துவிடும். எனவே முற்காலத்தில் திருவனந்தபுரத்து வீடுகளில் முட்டையைச் சேமித்து வைப்பது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. மண்ணுத்தியில் கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிராமலட்சுமி போன்ற இனங்கள் புழக்கடைக்கு வந்தபின் நிலைமை மாறியது. அடைகாக்கும் இயல்பு இவற்றுக்குக் குறைவு. ஆதலால் தொடர்ந்து முட்டையிடுகின்றன. 1989-இல் நிறுவப்பட்ட கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம், 'நகரப்பிரியா' திட்டத்தின்கீழ் நகரக் குடும்பங்களுக்கு ஐந்து கோழிகளையும் கூண்டையும் வழங்கியது. ஐந்து கோழிகள் உள்ள வீட்டில் ஒரே வாரத்தில் இருபது முட்டைகள் சேர்ந்துவிடக்கூடும்.

இட்டவுடன் முட்டையின் வெப்பம் கோழியின் உடல் வெப்பமான சுமார் 41 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும். அது ஆறும்போது உள்ளடக்கம் சுருங்கி, அகன்ற முனையில் காற்றறை உருவாகிறது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழியே பூசிவிட்ட மென்படலம் ஒன்று அவற்றை அடைத்து நிற்கிறது. திருவனந்தபுரத்தில் ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், முட்டையிலிருந்து கரியமில வாயு விரைவாக வெளியேறி வெண்கரு நீர்த்துப்போகிறது.

கருவுற்ற முட்டையின் நிலை இன்னும் மோசம். ஏறத்தாழ 21 பாகைக்கு மேல் கரு மெல்ல வளரத் தொடங்கும். அந்த அளவுக்குக் குளிர்ந்த சமையலறை இந்நகரில் ஏது? சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாது என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு, அது தவறு. உணவுக்காக மட்டும் கோழி வளர்ப்போர் சேவலை விலக்குவதே சேமிப்பின் முதற்படியாகும்.

இடவப்பாதி மழை தொடங்கியதும் கூண்டு ஈரமாகி முட்டையில் எச்சமும் சேறும் ஒட்டுகின்றன. உடனே அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது இல்லத்தரசியரின் வழக்கம். இதனால் மென்படலம் அழிகிறது. குளிர்ந்த நீரில் உள்ளடக்கம் சுருங்குவதால் அழுக்கு நீரும் கிருமிகளும் துளைகள் வழியே உள்ளிழுக்கப்படுகின்றன. கூட்டில் உலர்ந்த உமி அல்லது மரத்தூள் பரப்பி, நாளுக்கு இருமுறை முட்டைகளை எடுத்துவிட்டால் கழுவும் தேவையே பெரும்பாலும் எழாது. சிறிதளவு அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்துவிடலாம். மிகுதியாக அழுக்கேறியதையும் ஓடு கீறியதையும் சேமிப்பில் சேர்க்கலாகாது.

குளிர்பதனப் பெட்டியில் கூர்முனை கீழாக அடுக்கி, பென்சிலால் தேதி குறித்து வைத்தால் மூன்று, நான்கு வாரங்கள் தாங்கும். ஒருமுறை குளிர்வித்த முட்டையை வெளியே எடுத்து வைத்தால் ஓடு வியர்க்கும். ஈரத்தில் கிருமிகள் பெருகும்.

நீரில் இட்டுப் பார்க்கும் சோதனையை அனைவரும் அறிவர். புதியது அடியில் படுக்கும்; பழையது நிமிரும்; மிகப் பழையது மிதக்கும். ஆயின் இது வயதை மட்டுமே காட்டும். நலமாகத் தோன்றும் கோழியின் முட்டைக்குள்ளும், ஓடு உருவாகுமுன்னரே, சால்மோனெல்லா கிருமி புகுந்திருக்கக்கூடும். காலையில் இட்ட முட்டை இதற்கு விலக்கன்று. உணவு நஞ்சான நிகழ்வுகளைத் தொடர்ந்து, பச்சை முட்டையில் மயோனைஸ் தயாரிப்பதை 2023 ஜனவரியில் கேரளம் தடை செய்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் ஓராண்டுத் தடை விதித்தது.

உணவகத்திற்குத் தடை விதிக்கலாம். வீட்டுச் சமையலறையில் அது செல்லாது. வெண்கருவும் மஞ்சள் கருவும் இறுகும்வரை வேகவைத்தால் இக்கிருமி அழியும். கருப்பிணிகள், முதியோர், குழந்தைகள் ஆகியோருக்கு அரைவேக்காட்டு முட்டை தரலாகாது. உடல் தேறப் பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுக்கும் பழக்கத்தில் அபாயம் இருப்பதோடு பயனும் குறைவு. அவ்வாறு உண்ணும் முட்டையின் புரதத்தில் பாதியளவே உடலில் சேர்கிறது; வேகவைத்ததில் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது.