பீட்டர் முயல்: ஆசிரியர் கையெழுத்திட்ட முதல் அச்சு

எழுத்தும் படமும்: பியாட்ரிக்ஸ் பாட்டர் (1866–1943)
லண்டன், டிசம்பர் 1901

உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயது நோயல் மூருக்கு 1893 செப்டம்பரில் பாட்டர் படம் போட்டு எழுதிய கடிதம்தான் இந்தக் கதை. நோயல் அவருடைய முன்னாள் ஆசிரியையின் மகன். பதிப்பகங்கள் ஏற்க மறுத்துவிடவே, பாட்டர் கைக்காசு போட்டு 250 பிரதிகள் அச்சிட்டார். முகப்புப் படம் மட்டும் வண்ணத்தில். மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். குழந்தையின் கைக்கு அடக்கமான அளவு.

பிரதிகள் பெரும்பாலும் உறவினருக்கும் நண்பருக்கும் போயின. 1902 பிப்ரவரியில் இன்னும் 200 அச்சாயின. முதல் அச்சின் முதுகு தட்டை, இரண்டாவதன் முதுகு சற்றே உருண்டை. முதல் அச்சின் தலைப்புப் பக்கத்தில் ஆண்டு கிடையாது. ஆகவே சேகரிப்பவர்கள் அட்டையை அடுத்த வெற்றுத்தாளைக் கவனமாகப் பார்க்கிறார்கள். அங்கே பாட்டரின் கையெழுத்தும் பெறுபவர் பெயரும் தேதியும் இருந்தால், அந்தப் பிரதி யாரிடம் எப்போது போனது என்பது தெரிந்துவிடும்.

இத்தகைய குறிப்புகளில் மனத்தைத் தொடுவது பாட்டர் ஒரு பிரதியில் எழுதியது. கதைக்கு மாதிரியாக இருந்த அவரது வளர்ப்பு முயல் பீட்டர், 1901 ஜனவரி 26 அன்று, ஒன்பதாம் வயதின் முடிவில் இறந்ததை அதில் அன்போடு பதிந்திருக்கிறார். அப்போது புத்தகம் அச்சாகவே இல்லை.

ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் முழு வண்ணப் பதிப்பை வெளியிட்டது 1902 அக்டோபரில்.