உங்களுக்குத் தெரியுமா? நீலகிரிச் சீனர்களும் நம்மூர்க் கொடிவழியும்

கொங்கு நாட்டுக் கவுண்டர் வீடுகளில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, "நீங்க என்ன கூட்டம்? எந்த ஊர்க் காணி?" என்பதுதான். சீனக் குடும்பங்களிலும் குடும்பப் பெயரையும் பூர்வீக ஊரையும் விசாரிக்காமல் பேச்சு நகராது. அந்தச் சீனக் கொடிவழியின் ஒரு கிளை கோவைக்கு மேலே உள்ள மலையில் வேர் பிடித்தது. அதைத் தேடுவோருக்கும், சொந்தக் குடும்ப வரலாற்றைத் தேடுவோருக்கும் சில தகவல்கள்:

● 1868 வரை நீலகிரி கோவை மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சிங்கோனா மரங்களை, 1860களில் ஆங்கிலேய அரசு அங்கே பெருமளவில் வளர்த்தது. நடுவட்டம் தோட்டங்களில் காடு திருத்தவும் கன்று நடவும் கைதிகளைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் சீனர்களும் இருந்தார்கள்.

● சீனர்கள் எப்படி நடுவட்டத்துக்கு வந்தார்கள்? சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் 1867 வரை இந்திய கவர்னர் ஜெனரலின் ஆட்சிக்குக் கீழே இருந்தன. அங்கே தண்டனை பெற்றவர்களை அடைக்கச் சிறையில் இடமில்லாததால் சென்னை மாகாணத்துக்குக் கப்பலேற்றினார்கள். இதே காலத்தில் இந்தியக் கைதிகள் எதிர்த்திசையில் சிங்கப்பூருக்குப் போனார்கள். அங்குள்ள புனித ஆண்ட்ரூ பேராலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது.

● விடுதலையான சீனர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் குடியேறி, ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தமிழ்ப் பெண்களை மணந்தார்கள். காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வைத்துப் பிழைத்தார்கள். பிள்ளைகள் தமிழ்த் தாயிடம் வளர்ந்தார்கள்.

● இந்தக் குடும்பங்களை நேரில் கண்டு எழுதியவர், சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் அந்தக் குறிப்பு இருக்கிறது. கிறித்தவரானபோது தன் தலைமுடிப் பின்னலை வெட்ட வேண்டியதாயிற்றே என்று ஒரு சீனத் தந்தை வருந்தியதையும் அவர் பதிந்திருக்கிறார். வம்சம் தேடுபவருக்கு இது நல்ல துப்பு. மதம் மாறியிருந்தால் திருமுழுக்குப் பதிவு ஒன்று எங்கோ இருக்க வாய்ப்புண்டு.

● அதே குறிப்பில் தாய்மாரின் சாதி இருக்கிறது; பெயர் இல்லை. பிள்ளைகளின் வயதையும் தலையின் அளவையும் எழுதத் தோன்றியவருக்கு, அவர்களைப் பெற்றவளின் பெயரை எழுதத் தோன்றவில்லை. அந்தக் குடும்பத்துக்கு மொழியும் மண்ணும் தந்தவள் அவள்தான்.

● சீனக் குலங்கள் தங்கள் வம்சாவளியைப் புத்தகமாகவே எழுதி வைத்தன. 'ஜியாபூ' என்று பெயர். பெரும்பாலானவற்றில் ஆண்களின் வரிசைதான் முழுமையாக இருக்கும். மனைவி பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு நிற்பாள். மகள் பல வேளை இடமே பெறமாட்டாள். கன்பூசியஸ் குலத்தின் ஜியாபூ 2009இல் 80 தொகுதிகளாகப் புதுப்பிக்கப்பட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட அதில்தான் பெண் வாரிசுகள் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டார்கள்.

● நம்மூரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது மரியாதை. சீனத்தில் முன்னோர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது மரியாதைக் குறைவு. பல சீனக் குலங்களில் ஒரு தலைமுறையினர் அனைவருக்கும் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக வரும்; எந்தத் தலைமுறைக்கு எந்த எழுத்து என்று குலமே முன்கூட்டி வகுத்திருக்கும். அந்த எழுத்தைக் கண்டதும் இவர் எத்தனையாவது தலைமுறை என்று சொல்லிவிடலாம். நம்முடைய பத்திரங்களிலோ ஒரே பழனியப்பன் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வருவார். எந்தப் பழனியப்பன் என்று அறியத் தந்தை பெயரும் ஆண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

● ஆந்தை, காடை, ஓதாளர், பயிரன், செங்கண்ணன் என நீளும் கொங்கு வேளாளர் கூட்டங்களில், ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் மணப்பதைச் சீனத்தின் பழைய சட்டமும் தடுத்தது.

● வெளிநாட்டில் இறந்த சீனரின் கல்லறையில் பெயரோடு பூர்வீக ஊரையும் செதுக்குவது வழக்கம். ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் சிங்மிங் நாளில் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைப்பார்கள். ஜியாபூ கையில் இல்லாதவருக்குக் கல்லறைதான் முதல் ஆவணம். நமக்கு அந்த இடத்தில் நிற்பது காணிக் கோயில். எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க அங்கே கூடுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் பாதிக் கொடிவழி கிடைத்துவிடும்.

● சீன முன்னோரைத் தேட இரண்டு விவரங்கள் இன்றியமையாதவை: சீன எழுத்தில் பெயர், பூர்வீகக் கிராமம். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது கடினம். வாங், லீ, ஜாங் என்ற மூன்று குடும்பப் பெயர்களிலேயே பல கோடிப் பேர் இருக்கிறார்கள்.

● அமெரிக்காவின் யூட்டாவில் 1894இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்த 'ஃபேமிலிசர்ச்', 1239ஆம் ஆண்டு முதலான சீன வம்சாவளி நூல்களைப் படமெடுத்துத் தொகுத்திருக்கிறது. கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. சில படங்களை மட்டும் அதன் மையங்களுக்கு நேரில் போய்த்தான் பார்க்க முடியும்.

● பழைய சென்னை மாகாண அரசின் ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மாகாணத் தேவாலயங்களின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளின் நகல்களுக்கு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம். நடுவட்டத்துக் கதையைத் தொடர இவை இரண்டும் முக்கியமான வாசல்கள்.

● 1962 இந்திய-சீனப் போரின்போது சுமார் 3,000 சீன வம்சாவளி இந்தியர்கள் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். பலர் வீடும் கடையும் இழந்தார்கள். இப்படிச் சிதறிய குடும்பங்களுக்கு ஒரு பழைய புகைப்படம்கூடப் பெரிய ஆதாரம்.

● தேடலைத் தொடங்கக் காப்பகம் வரை போக வேண்டியதில்லை. வீட்டில் மூத்தவர் யாரோ, அவரிடம் இந்த வாரமே உட்காருங்கள். அப்பா, தாத்தா, பாட்டன் என்று ஆண் வழியை எல்லோரும் கேட்கிறோம். அதோடு ஆத்தாவின் பெயர், அவர் பிறந்த ஊர், அவர் அம்மாவின் பெயர், அந்த அம்மா வாக்கப்பட்டு வந்த ஊர் என்று பெண் வழியையும் கேட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். நடுவட்டத்துத் தாய்மாரின் பெயரைப் பெரிய நூலே விட்டுவிட்டது. நம் வீட்டுப் பெண்களின் பெயராவது நம் கையால் பதிவாகட்டும்.