ஒரு பூகம்பம் மற்றொன்றைத் தூண்டுமோ?

2004ஆம் ஆண்டு மார்கழி 23ஆம் நாள், நியூசிலாந்துக்குத் தென்மேற்கே மக்குவாரித் தீவையடுத்த கடலடியில் 8.1 அளவினதாகிய பூகம்பம் ஒன்று நிகழ்ந்தது. மூன்று நாட் கழிந்து, 8,000 கிலோமீற்றருக்கு அப்பால், சுமாத்திராவின் கரையோரத்தில் 9.1 அளவினதாகிய பூகம்பம் எழுந்து, இலங்கைக் கரைகளையும் அழித்த ஆழிப்பேரலையைத் தோற்றுவித்தது. முன்னது பின்னதற்குக் காரணமாயிற்றோ எனும் வினா இயல்பாகவே எழும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தமை கண்டு, காகமே அதனை வீழ்த்திற்று எனத் துணிதல் தருக்க நூலோர்க்கு உடன்பாடன்று. ஆதலின் காரண காரியத் தொடர்பை ஆராய்ந்தே முடிவு கூறல் வேண்டும்.

பூமியின் பாறைத் தட்டுகள் ஓயாது நகர்வன. அவற்றிடையேயுள்ள பிளவுகள் உராய்வினாற் பிணிப்புண்டு கிடக்க, தகைப்பு ஆண்டாண்டாகத் திரள்கின்றது. உராய்வு அதனைத் தாங்காதபோது பிளவு வழுக்கி நிலம் நடுங்குகின்றது. வழுக்கிய பகுதியிலே தகைப்புக் குறைய, அதன் முனைகளில் அது மிகும். துருக்கியின் வட அனத்தோலியப் பிளவில் 1939இல் ஏர்சிஞ்சானில் நிகழ்ந்ததன் பின், பெரும் பூகம்பங்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கிப் படிப்படியாக நகர்ந்து 1999இல் இஸ்மித்தை அடைந்தமை இவ்வாறே. 2005 பங்குனி 28இல், சுமாத்திராப் பூகம்பப் பகுதியையடுத்த நியாஸ் தீவில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்ததும் அத்தகையதே. எனினும் இத்தகைப்பு மாற்றம் தொலைவு மிக மிக விரைந்து தேய்ந்துவிடும்.

நெடுந்தூரம் செல்வன பூகம்ப அலைகளே. 1992இல் கலிபோர்ணியாவின் லாண்டேர்ஸ் பூகம்பம், 1,250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள யெலோஸ்ரோன் எரிமலைப் பிரதேசத்திற் சிறு நடுக்கங்களை எழுப்பிற்று. 2002இல் அலாஸ்காவின் தெனாலிப் பூகம்பம் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் கடந்து அதே இடத்தை அசைத்தது. அங்கே பாறை இடுக்குகளை நிரப்பும் வெந்நீரும் ஆவியும் உராய்வைத் தளர்த்தியுள்ளன. கனிந்த பழமே சிறு அசைவுக்கு விழும், காய் விழாது. 2012 சித்திரை 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த 8.6 அளவுப் பூகம்பத்தின் பின், ஆறு நாட்களுக்கு உலகெங்கும் 5.5க்கு மேற்பட்ட நடுக்கங்கள் ஏறத்தாழ ஐந்து மடங்காயின. ஆயினும் இஃது அரிய விலக்கு. முப்பது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, பெரும் பூகம்பத்தின் பின் 1,000 கிலோமீற்றருக்கு அப்பாற் பெரிய நடுக்கங்கள் பெருகியதாகக் காணவில்லை. உலகில் 7க்கு மேற்பட்டவை ஆண்டுக்குச் சராசரி பதினைந்து நிகழ்வதால், அவற்றுட் சில அடுத்தடுத்து வருதல் வியப்பன்று. மக்குவாரியையும் சுமாத்திராவையும் காரணத்தாற் பிணைப்பதற்கு நாளணிமை மட்டும் போதிய சான்றாகாது.

ஆகவே அஞ்சவேண்டியது அயலிலேயே. 2023 மாசி 6இல் துருக்கியில் 7.8 அளவுப் பூகம்பம் நிகழ்ந்து ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தின் பின், அயற்பிளவில் 7.5 அளவில் மற்றொன்று எழுந்தது. வெடித்த வீட்டினுள் உடனே மீளுதல் ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டா. இலங்கைக்கோ, தொலைப் பூகம்பத்தால் வரும் பேரிடர் மற்றொரு பூகம்பமன்று, கடலலையே. 2004இல் அது கீழ்க்கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. அந்நேரம் எச்சரிக்கையின்றியே கழிந்தது.